அண்ணாந்து பார்க்காத ஊர்

படம் பிடிக்கிற பட்டாளத்தைக் கலைத்துவிட்டோம் என்று துரை மேடையேறி வாசித்து, கொடியை இறக்கி, விமானங்களைக் கழற்றி லாரிகளில் ஏற்றி, அந்த லாரிகள் கிளப்பிய செம்மண் புழுதியும் அடங்கிய மறுநாள் காலையில், வெயில் ஏறிவரும் வழக்கமான நேரத்துக்கு, விமானத்தின் நிழல் மட்டும் வேலைக்கு வந்தது. கிழக்கே கண்மாய்க்கரையில் புறப்பட்டு, ஓடுதளத்தின் நீளத்துக்கும் ஓடி, கோயில் திடல், களம், கூரைகள் எல்லாவற்றின்மேலும் ஏறி இறங்கி, மேற்கே உடைமரக் காட்டுக்குள் போய் மறைந்தது. சத்தம் இல்லை. செவ்வேந்தல் ஜனங்கள் எப்போதும்போல நின்ற இடத்தில் நின்று, செம்மண் சாயத் துண்டைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, கழுத்தைத் தாழ்த்தினார்கள். நிழல் கடந்ததும் நிமிர்ந்து அவரவர் வேலையைப் பார்த்தார்கள். மேலே விமானம் இருந்ததா என்று ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்றுதான் அவர்களுக்குப் பழக்கியிருந்தது.

அந்தப் பட்டாளத்தின் சரித்திரத்தை எழுதியவர்கள் எங்கேயாவது இருப்பார்கள். எத்தனை கடல் தாண்டியது, எந்தத் துறைமுகத்தைப் படம் பிடித்தது, எந்தத் துரைக்கு என்ன பதக்கம் என்று தோல் அட்டை போட்டு வைத்திருப்பார்கள். செவ்வேந்தல் அதில் இருக்காது. மண்ணைச் சுமந்தவன் பெயர் எந்தச் சரித்திரத்தில் இருந்திருக்கிறது, இதில் மட்டும் இருக்க?

யுத்தம் கடலுக்கு அந்தப் பக்கம் வந்துவிட்டது என்று பேச்சு கிளம்பிய வருஷம், சங்கிலி பிடித்து அளக்கிறவர்கள் வந்தார்கள். கண்மாய்ப் பாசனத்தில் கிடந்த நஞ்சையும் அதை ஒட்டிய புஞ்சையும் சர்க்காருக்கு வேண்டும் என்று தண்டோரா போட்டார்கள். பட்டாளம் பறக்கிறவரைக்கும் நிலம் சர்க்காருடையது, பறப்பது நின்ற அன்றைக்கு நிலம் உங்களுடையது என்று தெருத்தெருவாய் நின்று சொன்னார்கள். ஜனங்கள் நம்பினார்கள். சர்க்கார் பொய் சொல்லவும் இல்லை என்பதுதான் இந்தக் கதை.

தங்கள் வயலின் வரப்பைத் தங்கள் மண்வெட்டியாலேயே வெட்டிச் சமப்படுத்தி, தங்கள் தலையாலேயே கல் சுமந்து கொட்டி, ஜனங்கள் ஓடுதளம் போட்டுக் கொடுத்தார்கள். விமானங்கள் வந்து இறங்கின. வானத்தின் நிறத்தில் சாயம் அடித்த விமானங்கள். துப்பாக்கி கிடையாது, குண்டு கிடையாது, வயிற்றில் ஒரு பெரிய கண்ணாடிக் கண் மட்டும் இருந்தது. போய்ப் பார்த்துவிட்டு வருவதுதான் அவற்றுக்கு வேலை. அந்தப் பட்டாளம் ஒருத்தரையும் சுட்டதில்லை. எங்கே சுட வேண்டும் என்று சொன்னதோடு சரி.

படம் எடுக்கிறவனுக்குத்தான் படத்தில் எதெல்லாம் தெரியும் என்கிற பயம் இருக்கும். எதிரியும் இப்படி ஒரு கண்ணாடியோடு வருவானே என்று துரை நினைத்தார். ஓடுதளத்துக்கு மண் நிறத்தில் சாயம் பூசினார்கள், கொட்டகைகள்மேல் வலை போட்டுக் குழை பரப்பினார்கள். மிச்சம் இருந்தது ஜனங்கள். விமானம் வந்தால் அசையாதே, செம்மண்ணில் முக்கி எடுத்த துண்டால் தலையை மூடு, எந்தக் காரணத்துக்கும் அண்ணாந்து பார்க்காதே, எவ்வளவு கறுத்த முகமும் வெயில் பட்டால் மேலேயிருந்து வெள்ளைப் புள்ளியாகத் தெரியும் என்று துரையின் பேச்சைத் தமிழில் சொல்லும் துபாஷி கத்திக் கத்திச் சொன்னான். சொன்னபடி நடக்கிறார்களா என்று பார்க்கத் தினமும் காலையில் தங்கள் விமானத்தையே ஒன்றை ஊர்மேல் ஓட்டிப் படம் பிடித்தார்கள். இருட்டறையில் அதைக் கழுவிக் காயப்போட்டு, பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். புள்ளி தெரிந்தால் புள்ளி நின்ற இடத்துக் கூட்டத்துக்கு அன்றைக்குக் கூலி அரிசி இல்லை. ஒன்றும் தெரியாவிட்டால் துரை "க்ளீன்" என்பார்.

ஒரே ஒரு தடவைதான் புள்ளி விழுந்தது. காத்தமுத்து என்கிற கல் சுமக்கிற ஆள், எந்த வண்டிக்காக நம் வயலை வெட்டித் தட்டையாக்கினோமோ அந்த வண்டியை ஒரு தடவை பார்த்துவிடுவோமே என்று தலையைத் தூக்கிவிட்டான். அன்றைக்கு அவன் கூட்டம் பட்டினி கிடந்தது. யாரும் அவனை அடிக்கவில்லை. பேசுவதை நிறுத்தினார்கள், அடுப்புக்கு நெருப்புக் கேட்டால் கதவைச் சாத்தினார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரியான பெண்டாட்டியை விட்டுவிட்டு ஒரு நாள் காத்தமுத்து மலைத்தோட்டத்துக்குப் போகிறேன் என்று போனான், வரவில்லை. அந்த வீட்டுக்குப் புள்ளி வீடு என்று பெயர் விழுந்தது. அந்த வீட்டில் பிறந்த பிள்ளைதான் தவசிலிங்கம்.

பட்டாளம் போய் நிழல் தங்கிய பிறகு, ஊர் அதைப் புதுச் சம்பந்தியை ஏற்றுக்கொள்வதுபோல ஏற்றுக்கொண்டது. முதலில் கொஞ்சம் கூச்சம், பிறகு உரிமை. நிழல் வந்தால் உலை வைத்தார்கள், நிழல் போனால் மாட்டை அவிழ்த்தார்கள். சண்டைக்காரன் ஓங்கிய கை நிழலைக் கண்டதும் அந்தரத்தில் நிற்கும், நிழல் போன பிறகு ஏன் ஓங்கினோம் என்பது மறந்துபோயிருக்கும். ஆகையால் அந்த வட்டாரத்திலேயே கொலை விழாத ஊர் என்று செவ்வேந்தலுக்கு நல்ல பெயர் வந்தது. செம்மண் சாயத் துணி கூலிக்காரத் துணியாக இருந்தது போய் மங்கலத் துணியானது. மணமேடையில் பெண்ணுக்கு அதுதான் கூறைப்புடவை. பிறந்த பிள்ளையை முதலில் குப்புறப் படுக்கத்தான் பழக்கினார்கள். பிணம் மட்டும் அண்ணாந்துதான் கிடக்கும், அதனிடம் குனியச் சொல்ல முடியாது என்பதால், முகத்தைச் செம்மண் துணியால் மூடின பிறகே பாடை தெருவைத் தாண்டும். எது நல்லபடியாக முடிந்தாலும், அது பிரசவமோ பஞ்சாயத்தோ, ஊர் சொல்கிற ஒரே பாராட்டு, "க்ளீன்."

இருட்டறையும் தன் வேலையை விடவில்லை. சாயங்காலமானால் அங்கே கட்டியிருந்த கொடிக்கயிற்றில் அன்றைய படம் ஈரம் சொட்டத் தொங்கிக்கொண்டிருக்கும். இருட்டறைக் காவல்காரருக்கு வேலை முடிந்தது என்று உத்தரவு எழுத மறந்துவிட்டார்கள், ஆகையால் அவர் இருந்தார். அவருக்குப் பிறகு அவர் மகன் சூசை இருந்தார். படத்தைக் கழற்றுவது, காயவைப்பது, மாதக் கடைசியில் கட்டாகக் கட்டித் தலைநகரத்து ஆபீசுக்கு அனுப்புவது. தலைநகரத்தில் கொடி மாறியது, ஆபீசின் பெயர்ப்பலகை மாறியது, கட்டு வந்து சேர்ந்தது என்கிற பதில் மட்டும் மாறவே இல்லை.

அனுப்புவதற்கு முந்தி ஊரார் படத்தைப் பார்த்துக்கொள்ளச் சூசை விடுவார். ஆடு தவறினவன் வந்து எந்தப் பள்ளத்தில் மேய்கிறது என்று பார்த்துப் போவான். வேலித் தகராறுக்கு அதுதான் சாட்சி. பெண் கேட்டு வருகிறவர்கள் பெண் வீட்டு வைக்கோற்போரின் அகலத்தை அதில் பார்த்துவிட்டுத்தான் பூ வைப்பார்கள். ஆடு தெரியும், கோழி தெரியும், முற்றத்து அடுப்பில் கஞ்சி பொங்கும் ஆவிகூடத் தெரியும். கஞ்சியைக் கிண்டுகிற ஆள் தெரியாது. பட்டாளம் போன பிறகு விழுந்த படங்களில் ஒன்றில்கூட செவ்வேந்தலில் மனிதர் இல்லை. அது அவர்களுக்குக் குறையாகப் படவில்லை. அவ்வளவு நன்றாக நின்றிருக்கிறோம் என்று பெருமையாக இருந்தது.

தவசிலிங்கம் பள்ளிக்கூடத்தில் படித்தவன் இல்லை. டவுனில் பஸ் நிற்கிற இடத்துச் சுவரில் ஒட்டிய நோட்டீசுகளைப் பார்த்து எழுத்துக் கூட்டினான், கூட்டத்தில் வீசிய நோட்டீசுகளைப் பொறுக்கிப் படித்தான், பிறகு நோட்டீஸ் ஒட்டப் போனான், ஒட்டியதற்காகச் சிறைக்குப் போனான், சிறையில் பெரிய நோட்டீசுகளைப் படித்தான். ஊருக்குத் திரும்பி நில மீட்புச் சங்கம் என்று தகரத்தில் எழுதி வீட்டு வாசலில் தொங்கவிட்டான். டவுனில் அவனை நோட்டீஸ் தவசி என்றார்கள். ஊரில் புள்ளி என்றுதான் கூப்பிட்டார்கள்.

சங்கம் மனுப் போட்டது. பட்டாளத்தைக் கலைத்தாகிவிட்டது, நிலத்தைக் கொடுங்கள். பதில் வந்தது: பட்டாளம் பறப்பதை நிறுத்தியதாக இந்த ஆபீசுக்குத் தகவல் இல்லை, படங்கள் தவறாமல் வந்துகொண்டிருக்கின்றன. தவசி மறியல் செய்தான், கம்பி எண்ணினான், வெளியே வந்து மறுபடி மனுப் போட்டான். பதில் வந்தது: படங்களைப் பரிசீலித்ததில் அந்த நிலத்திலோ அதைச் சுற்றியோ மனிதர் எவரும் வசிப்பதாகத் தெரியவில்லை, ஆகவே நிலத்தை யாரிடம் திருப்பித் தருவது என்ற கேள்வி எழவில்லை.

இரண்டாவது பதிலைத் தவசி டீக்கடையில் சத்தமாக வாசித்தான். ஊர்ப் பெரியதனம் பார்க்கிற பூவலிங்க அம்பலம் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"அப்ப நான் யாருடா? டீ குடிக்கிறது ஆவியா?"

"சர்க்கார் கணக்குல நீங்க செடி மாமா. உடைஞ்செடி."

"செடியா இருந்தா நல்லதுதானேடா. வரி இல்ல."

கடை சிரித்தது. தவசி சிரிக்கவில்லை.

"சிரிங்க. நம்மளப் போல நல்லாக் குனிஞ்ச ஜனம் லோகத்துலயே இல்ல. குனிஞ்சு குனிஞ்சே இல்லாமப் போயிட்டோம். நம்ம நிலத்துல நாமளே இல்லேங்கிறான், அதுக்குச் சாட்சி நாமளே தினம் நின்னு எடுத்துக் கொடுக்குற படம். ஒரு நாள், ஒரே ஒரு நாள், மொத்த ஊரும் அண்ணாந்து பாத்துட்டா எல்லா மூஞ்சியும் விழுந்துரும்."

அம்பலம் தம்ளரைக் கீழே வைத்தார். "உங்கப்பன் ஒரு நா அண்ணாந்தான், எங்கப்பன் பட்டினி கெடந்தான். இப்ப நீ ஊரையே அண்ணாந்து பாக்கச் சொல்ற. என்ன வம்சம்டா புள்ளி உங்க வம்சம்!"

"அரிசிய நிறுத்த இப்ப துரை இல்ல மாமா."

"துரை இல்ல, சரி. நெழல் இருக்கே."

தலை நரைக்கும்வரை தவசி இதையே பேசினான். வீடு வீடாகப் பேசினான், களத்தில் பேசினான், எழவு வீட்டில்கூடப் பேசித் திட்டு வாங்கினான். அவன் பெண்டாட்டி குருவம்மா சங்கத்தின் தகரப் பலகையை மழைக்கு உள்ளே எடுத்துவைத்தாள், வெயிலுக்கு வெளியே மாட்டினாள், அவன் சிறையில் இருந்த காலமெல்லாம் கூலிக்குப் போய்ச் சங்கத்தையும் சேர்த்துக் காப்பாற்றினாள். அவன் பேச்சை ஊரிலேயே அதிகம் கேட்டவள் அவள்தான்.

கடைசியில் தலைநகரத்திலிருந்து ஓர் அதிகாரி விசாரணைக்கு வந்தார். கெட்டவர் இல்லை. ஊர் முழுக்க நடந்தார், கொடுத்த மோரை வாங்கிக் குடித்தார், பிள்ளைகளின் கன்னத்தைக் கிள்ளினார். கோயில் திடலில் கூடிய கூட்டத்தைப் பார்த்து, "எனக்கு நீங்க எல்லாரும் கண்ணுக்குத் தெரியுறீங்க" என்றார். "ஆனா என் கண்ணை ஃபைல்ல வைக்க முடியாது. ஃபைல் படத்தைத்தான் கேக்குது. நாளைக்கழிச்சு வர்ற படத்துல ஜனங்க இருந்தா, அன்னைக்குச் சாயங்காலமே நிலத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் வண்டி ஏறுவேன். இது சத்தியம்."

அவர் சொன்னது சத்தியம்தான்.  பிறகு அம்பலம் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எல்லோரும் கேட்கும்படி, "தவசி," என்று கூப்பிட்டார். புள்ளி என்று கூப்பிடவில்லை. "எப்படி நிக்கணும்னு சொல்லுப்பா. நின்னுருவோம்."

இடையில் இருந்த அந்த நாள்தான் தவசியின் வாழ்க்கையிலேயே நல்ல நாள். ஓடுதளத்தில் ஊரை நிறுத்திப் பயிற்சி கொடுத்தான். காக்கையைக் காட்டினான், எல்லோரும் அண்ணாந்தார்கள். பனைமரத்து உச்சியைக் காட்டினான், அண்ணாந்தார்கள். கழுத்துகள் நன்றாகத்தான் இருந்தன.

"இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். அம்பலத்து மாமா, நாடி வானத்தப் பாக்கணும்."

"பாத்துக்கிட்டுத்தாண்டா இருக்கேன், பல்செட்டு விழுந்துரும்போல இருக்கு."

"விழுந்தா விழட்டும், அதுவும் வெள்ளையா விழும்."

பெண்கள் மூஞ்சி பளிச்சென்று விழ வேண்டும் என்று பவுடர் டப்பாவைக் கைமாற்றிக்கொண்டார்கள். கடைக்காரரிடம் இருந்த சோப்பெல்லாம் தீர்ந்தது. யார் வீட்டுப் பேரன் அழகு என்று டவுன்காரர்களுக்கு இனிமேல்தான் தெரியப்போகிறது என்று பேசிக்கொண்டார்கள். நிலம் வந்தால் யாருக்கு எந்த மடை, யார் பாட்டன் வரப்பு எங்கே ஓடியது என்று சண்டையே வந்துவிட்டது. அதைக் கேட்க அவ்வளவு இன்பமாக இருந்தது தவசிக்கு.

அன்றைக்குக் காலையில் எல்லோரும் இருப்பதிலேயே நல்ல துணியைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். நல்ல துணி என்றால் செம்மண் சாயத் துணி. நல்ல காரியத்துக்கு வேறு எதைக் கட்டுவார்கள்? தூரத்திலிருந்து பார்த்தபோது ஓடுதளத்தில் ஆள் நிற்பதே தெரியவில்லை. தவசி ஒரு நொடி நடையை நிறுத்தினான். பிறகு சமாதானம் செய்துகொண்டான். துணி எதுவாக இருந்தால் என்ன, முகம் விழுந்தால் போதும்.

அவன் எல்லோருக்கும் முன்னால், கிழக்கே பார்த்து நின்றான். வெள்ளை வேட்டி கட்டியிருந்தவன் அவன் ஒருவன்தான். அவனுக்குப் பின்னால் குருவம்மா, அம்பலம், ஊர். கண்மாய்க்கரையில் நிழல் ஏறியது. கரையின் பனைகளைத் தாண்டி, சரிவில் இறங்கி, ஓடுதளத்தில் விழுந்து, இரண்டு பக்கமும் இறக்கையை விரித்துக்கொண்டு, ஒரு சத்தமும் இல்லாமல் அவர்களைப் பார்த்து வந்தது. "இப்ப!" என்று தவசி கத்தினான், தலையைத் தூக்கினான்.

மேலே ஒன்றும் இல்லை. நீலமாக ஒரு வானம் இருந்தது. இவ்வளவு பெரிதாக ஒன்று தலைக்குமேல் சும்மா கிடந்திருக்கிறது, இத்தனை காலமும் நாம் குனிந்தது இந்த ஒன்றும் இல்லாததுக்குத்தான் என்று தோன்றியபோது அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. நிழலின் குளிர்ச்சி நெற்றியில் ஏறி நாடியில் இறங்கிப் போனது. அப்பன் முகத்தை அவன் கண்டதில்லை, ஆனால் அந்த நொடியில் அப்பன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று தன் முகத்தை வைத்தே தெரிந்தது. பின்னால் ஊர் மூச்சுவிடாமல் நிற்பது கேட்டது. எல்லோரும் பார்க்கிறார்கள், பார்த்துப் பேச்சற்று நிற்கிறார்கள் என்று நினைத்தான்.

"பாத்தீங்களா! ஒண்ணுமே இல்ல, பாத்தீங்களா!"

அவன் திரும்பியபோது நிழல் போய்விட்டது, ஜனங்கள் நிமிர்ந்திருந்தார்கள், துண்டை உதறிக்கொண்டிருந்தார்கள். தவசி ஓடிப்போய் அம்பலத்தைக் கட்டிக்கொண்டான். அம்பலத்தின் கைகள் தொங்கியபடியே இருந்தன. கிழவனுக்கு வெட்கம் என்று நினைத்துக்கொண்டான். ஒருவராவது சொல்லியிருக்கலாம். சாயங்காலம்வரை ஒருவரும் சொல்லவில்லை.

இருட்டறைக்குள் சூசை சிவப்புக் காகிதம் ஒட்டிய விளக்கைத் தூக்கிப் பிடித்தார். அதிகாரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தருகே குனிந்தார். வாசலில் ஊர் நின்றது. ஓடுதளம் இருந்தது. இரண்டு பக்கமும் உடைஞ்செடிகள் இருந்தன. ஓடுதளத்தின் நடுவே செம்மண் திட்டுபோல ஏதோ கருப்பாகக் கிடந்தது. அந்தத் திட்டுக்குக் கிழக்கே, ஊசியால் குத்தியதுபோல, ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி.

"ஒருத்தர்தான் தெரியுறார்" என்றார் அதிகாரி.  "யார் இது?"

தவசி படத்தைப் பார்த்தான். பிறகு வாசலைப் பார்த்தான். வாசலில் ஒரு கண்ணும் அவன் கண்ணுக்கு நேராக வரவில்லை. எல்லாக் கழுத்தும் குனிந்திருந்தது, நிழல் இல்லாத நேரத்திலும்.

"நான்தாங்க."

"மத்தவங்க?"

"இந்தா நிக்கிறாங்களே."

"படத்துல இல்லையே தவசிலிங்கம்." அதிகாரி ஃபைலைத் திறந்தார். நல்ல மனுஷர், ஆகையால் பார்த்ததை மட்டும் எழுதினார். ராணுவ நிலத்தில் ஆள் எவரும் இல்லை, அத்துமீறி நுழைந்த ஒருவர் மட்டும் காணப்பட்டார். கையெழுத்துப் போட்டார், வண்டி ஏறினார்.

வீட்டுக்கு நடக்கும்போது பொழுது இறங்கியிருந்தது. தவசி முன்னால் நடந்தான், குருவம்மா பின்னால் வந்தாள். புள்ளி வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் அவன் கேட்டான்.

"நீயுமா குருவு?"

அவள் தகரப் பலகையைக் கழற்றி உள்ளே வைக்கப் போனவள் அப்படியே நின்றாள்.

"தூக்கணும்னுதான் நின்னேன். சத்தியமாத் தூக்கணும்னுதான் நின்னேன். நெழல் காலத் தொட்டதும் கழுத்து என் கழுத்தா இல்லங்க. யாரோ பிடிச்சு அழுத்துறாப்புல இருந்துச்சு. நீங்க கத்துனது கேட்டுச்சு. உங்க குதிகாலத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்."

 தவசி படித்த நோட்டீசுகளில் முதலாளியைப் பற்றி இருந்தது, துரையைப் பற்றி இருந்தது, சர்க்காரைப் பற்றி இருந்தது. கழுத்தைப் பற்றி எந்த நோட்டீசிலும் இல்லை.

மறுநாள் முதல் அவன் தனியாகவே அண்ணாந்தான். நிழல் வரும்போது எங்கே இருந்தாலும் தலையைத் தூக்குவான், கிணற்றடியில், கடைத்தெருவில், காட்டில் விறகோடு. படத்தில் தினமும் ஒரு புள்ளி விழுந்தது. ஊருக்குக் கொஞ்ச நாள் சங்கடமாக இருந்தது, பிறகு நிழலை ஏற்றுக்கொண்டதைப்போலவே புள்ளியையும் ஏற்றுக்கொண்டது. ஆடு தேடுகிறவன், "புள்ளிக்கு வடக்க ஓடைப் பள்ளத்துல நிக்குது" என்று அடையாளம் சொன்னான். பெண் பார்க்க வந்தவர்கள், "இது என்ன, கோயிலா?" என்று கேட்டால், "அது எங்க தவசி" என்றார்கள். பிள்ளைகள் இன்றைக்குப் புள்ளி எங்கே விழும் என்று பந்தயம் கட்டினார்கள். யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது அவனுக்குத் தெம்பாக இருந்திருக்கும். தலைநகரத்திலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை நோட்டீஸ் வந்தது, ஆக்கிரமிப்பாளர் ஒருவர், உடனே காலி செய்யவும் என்று. அவன் வாழ்நாளில் அவனுக்கென்றே அச்சடித்து வந்த நோட்டீசுகள் அவைதான். அவற்றையும் எழுத்துவிடாமல் படித்தான்.

அம்பலம் போனார், தன் துண்டால் முகத்தை மூடச் சொல்லிவிட்டுப் போனார். பிறகு ஒரு பங்குனி மாதத்தில், கஞ்சி குடித்துக்கொண்டே இருந்தவன் கும்பாவைத் தள்ளி வைத்துவிட்டுத் தவசியும் போனான். ஊர் திரண்டு வந்தது. ஊரில் ஒரே ஒரு ஆள்தான் அவர்களுக்காகச் சிறைக்குப் போனவன் என்பது எல்லோருக்கும் தெரியும், அதற்காக நன்றாகவே அழுதார்கள். வழக்கப்படி முகத்தைச் செம்மண் துணியால் மூடினார்கள். குருவம்மா தடுக்கவில்லை. பாடை கிளம்பியது. பெண்கள் வரக்கூடிய கடைசி இடமான ஊர் எல்லைக் கல்லருகே பாடை வந்தபோது, கண்மாய்க்கரையில் நிழல் ஏறியது.

தூக்கியவர்கள் தூக்கியபடி நின்றார்கள். கொட்டுக்காரர்கள் குச்சியை அந்தரத்தில் நிறுத்தினார்கள். அழுத பெண்கள் வாயைத் திறந்தபடி நின்றார்கள். பழகிய கழுத்துகள் குனிந்தன. ஆகையால் அதற்குப் பிறகு நடந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. நிழல் போய் நிமிர்ந்தபோது, செம்மண் துணி குருவம்மாவின் கையில் இருந்தது, தவசியின் முகம் வெயிலில் திறந்து கிடந்தது. சித்தப்பா முறையுள்ள ஒருவர், "என்ன புள்ள இது?" என்று கேட்டுவிட்டு, துணியை வாங்கி மறுபடி மூடினார். பாடை போனது. பெண்கள் திரும்பினார்கள்.

சாயங்காலம் சூசை படத்தைக் கழற்றும்போது இரண்டு புள்ளிகளைப் பார்த்தார். ஒன்று பழகினது. மற்றதை மருந்துத் துளி என்று நினைத்து சுட்டுவிரலால் துடைத்துப் பார்த்தார். போகவில்லை. கட்டோடு கட்டி அனுப்பிவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை.

வருஷ நோட்டீஸ் இந்தத் தடவையும் புள்ளி வீட்டுக்கே வந்தது. குருவம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அதை எடுத்துக்கொண்டு இருட்டறை வாசலுக்கு வந்து நின்றாள். சூசை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார்.

"ராணுவ நிலத்தில் ஆக்கிரமிப்பாளர் எண்ணிக்கை ஒன்றிலிருந்து இரண்டாக உயர்ந்துள்ளது கவனத்துக்கு வந்திருக்கிறது. உரிய நடவடிக்கை எடுக்கப்படும்."

"இன்னொருக்கா வாசிங்க தம்பி."

வாசித்தார்.

"ரெண்டுன்னா போட்டிருக்கான்?"

"ரெண்டுதான் மதினி." சூசை காகிதத்தை மடித்தார். "அது அன்னைக்கி மட்டுந்தான். அதுக்குப் பொறவு வர்ற படம் எல்லாம் க்ளீன்."

"தெரியும். தினம் நின்னு தூக்கிப் பாக்குறேன், கழுத்து வரமாட்டேங்குது." அவள் பிடரியைத் தடவிக்கொண்டாள். காகிதத்தை வாங்கி முந்தானையில் முடிந்தாள். போகத் திரும்பியவள் நின்றாள்.

"அந்த மனுஷன் ஒண்ணுனு நெனச்சுக்கிட்டே போயிட்டாரே தம்பி."